மிதிக்கவே வேண்டாம்

மேல் வீடு, ஏப்ரல் 4
கொண்டுவருபவர்கள்: ஒரே நிறத்தில் சட்டை போட்ட புருஷன் பெண்டாட்டி

அன்புள்ள நாத்தனாருக்கு,

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டு விடுகிறேன். சிரிக்காதே. போன மாதம் இங்கே தங்கின நெட்டைக்காரி ஒருத்தி, கொடியில் காயப்போட்டதை மறந்துவிட்டுப் போய்விட்டாள். சைக்கிள்காரர்கள் போடுகிற கால்சட்டை. உட்காருகிற இடத்தில் தலையணை மாதிரி திண்டு வைத்துத் தைத்திருப்பார்களே, அதுதான். கேட்டு வந்தால் கொடுக்கலாம் என்று மடித்து வைத்தேன். வரவில்லை. என் சமையலறை ஸ்டூல் எப்படி என்று உனக்குத் தெரியும், பாறாங்கல் தோற்றுப்போகும். ஒருநாள் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பாவாடைக்கு உள்ளே போட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து கழற்ற மனசே வரவில்லை. உருளைக்கிழங்கு உரிக்கும்போதுகூட சிம்மாசனத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது. உன் அண்ணனுக்கே தெரியாது. "என்னடி, நடை ஒரு தினுசா இருக்கு?" என்று கேட்டார். வயசாகுது என்று சொல்லி வைத்தேன்.

இங்கே எல்லாம் சௌக்கியம். மலை சரிந்து போன் கம்பி அறுந்தது அறுந்ததுதான். தபால்காரரும் நம்மை மறந்துவிட்டார். சைக்கிள்காரர்கள் புண்ணியத்தில் கடுதாசி போகிறது. எனக்கு என்ன, எல்லாரும் எதிர்க்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தொங்கு பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, ராத்திரி தூங்கி, காலையில் இந்தக் கரையோடு உன் வீட்டுக்குத்தான் இறங்குகிறார்கள். நினைத்தால் தினம் ஒரு கடுதாசி போடலாம். உன் பாடுதான் பாவம். ஆற்றை எதிர்த்து மேலே மிதித்து வருகிற பைத்தியம் மாதத்துக்கு ஒன்று கிடைத்தால் பெரிசு.

இதைக் கொண்டுவருகிற ரெண்டு பேரும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். அந்தப் பெண் கொஞ்சம் பயந்தாள். "பாதை எப்படிம்மா?" என்றாள். நான் வழக்கமாகச் சொல்கிறதைத்தான் சொன்னேன். "ஆறு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் நீங்களும் போங்க. மிதிக்கவே வேண்டாம்." முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. உனக்குச் சிரித்த முகமாக ரெண்டு பேரை அனுப்பியிருக்கிறேன், நல்ல சூப்பாக வை.

உன் அண்ணன் மாடியில் இன்னொரு அறை கட்ட ஆரம்பித்துவிட்டார். சீசனுக்குள் நாலு கட்டில் கூடப் போடுவோம். பதில் போடு. பைத்தியம் யாராவது கிடைத்தால்.

உன் அண்ணி


கீழ் வீடு, ஏப்ரல் 6
கொண்டுவருபவர்: ஆள் கிடைக்க வேண்டும்

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கொண்டுவந்தவர்களும் கிடைத்தார்கள், நன்றாக இருட்டிய பிறகு.

அந்தப் பெண் நேரே மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றிச் சூப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதன் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். கணவர் என்னிடம், "மேல் வீட்டு அம்மா மிதிக்கவே வேண்டாம்னு சொன்னாங்களே" என்றார். அவள் தலையைத் தூக்காமலே, "நீ பேசாதே" என்றாள். அதோடு அவர்களுக்குள் பேச்சு நின்றது. காலையில் ஒருவர் சைக்கிளில் போனார், ஒருவர் ரயிலில் போனார்.

அண்ணி, அந்தப் பாதையில் மூன்று மேடுகள் இருக்கின்றன. ஆறு பாறையைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. பாதை சுற்ற இடமில்லாமல் பாறைமேல் ஏறித்தான் இறங்குகிறது. என் வீட்டுக்கு வந்த ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "முதல் மேட்டில் சிரிப்பு போகும், இரண்டாவதில் பேச்சு போகும், மூன்றாவதில் கல்யாணமே போகும்." அவர் வேடிக்கையாகச் சொன்னார் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

எத்தனை வருடமாக இதை உங்களிடம் சொல்கிறேன்? ஒவ்வொரு முறையும் நீங்கள் சிரிக்கிறீர்கள். "வயித்துல நல்லா பசி இருந்தாத்தான் உன் சூப்பு இறங்கும்" என்கிறீர்கள். அவர்கள் உங்கள் வீட்டில் சிரித்துப் பேசிவிட்டுக் கிளம்புகிறார்கள். திட்டுவதற்கு என் வீட்டுக்கு வருகிறார்கள். நான் ஒற்றை ஆள். சூப்பைச் சுடவைத்துக்கொண்டே நான் செய்யாததற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நேரில் சொல்லியிருக்க வேண்டியது. சைக்கிள் வழித்தட அலுவலகத்தில் இந்த ஆற்றுப் பாதைக்குப் புதிய வழிகாட்டி அச்சடிக்கப் போகிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்தவள் என்பதால் என் கருத்தைக் கேட்டார்கள். எதிர்க்கரை பஸ் சாலை சமமானது, பாதையை அங்கே மாற்றுவது நல்லது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உள்ளதைத்தான் எழுதினேன். உங்கள் மேல் கோபத்தில் எழுதவில்லை.

கொஞ்சம் கோபமும் இருந்தது.

இப்படிக்கு,
நாத்தனார்


மேல் வீடு, ஏப்ரல் 11
கொண்டுவருபவர்: பாட்டு பாடிக்கொண்டே ஓட்டுகிற மீசைக்காரர்

அடியே நாத்தனாரே,

கடுதாசி போட்டு ஒரு வாரம் ஆகிறது, மூச்சே காணோம். மேலே வர ஆள் இல்லை என்று தெரியும். இருந்தாலும் கோபப்பட்டால் கொஞ்சம் நன்றாக இருக்கிறது, அதனால் படுகிறேன்.

அந்தச் சோடி எப்படி இருந்தார்கள்? ஜாலியாக வந்து சேர்ந்திருப்பார்களே. அந்தப் பெண் என்னைப் பற்றி என்ன சொன்னாள்? அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுது. உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டணும். அவர் எப்போது பார்த்தாலும் டியூபைத் தண்ணீரில் அமுக்கி வைத்துக் குமிழியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், மனுஷி பேசுவது காதில் விழுவதில்லை.

மாடி அறைக்குக் கூரை போட்டாயிற்று. ஜன்னல் ஆற்றைப் பார்த்த மாதிரி. பச்சை பெயின்ட் அடித்தேன், பாதி என் தலையில். கட்டில் வருகிறது. இந்த சீசன் மட்டும் நல்லபடியாகப் போனால், மகன் வாயை அடைத்துவிடலாம். "எதுக்கும்மா அந்தக் காட்டுல கஷ்டப்படுறீங்க, எங்ககூட வந்து இருங்க" என்று மாதாமாதம் ஆள் விட்டுச் சொல்லி அனுப்புகிறான்.

இந்த மீசைக்காரரிடமும் சொல்லி அனுப்பியிருக்கிறேன், மிதிக்கவே வேண்டாம் என்று. பாடிக்கொண்டே வந்து சேருவார் பார்.

உன் அண்ணி


மேல் வீடு, ஏப்ரல் 20
கொண்டுவருபவர்: யாரென்று பார்க்கவில்லை, கையில் திணித்துவிட்டேன்

நாத்தனாருக்கு,

உன் கடுதாசி நேற்றுத்தான் வந்தது. கொண்டுவந்தவன் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு குடம் தண்ணீர் குடித்தான். நான் படித்துவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு பேரில் யாருக்கு மூச்சு அதிகம் வாங்கியது என்று தெரியவில்லை.

நீ நன்றாக இருக்கணும் தாயே. என் பிழைப்பில் மண்ணைப் போட எங்கேயிருந்தோ ஒருத்தர் வரவேண்டியதில்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறாய். பாதை எதிர்க்கரைக்குப் போனால் எவன் தொங்கு பாலத்தைத் தாண்டி என் வீட்டுக்கு வருவான்? பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரே உன் வீட்டுக்கு ஓடிவிடுவான். உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்தப் பக்கத்தில் வந்தாலும் கீழ்ப்பாலத்தைத் தாண்டினால் உன் வீடு. எனக்கு? பச்சை அறையும் நாலு கட்டிலும் நானும் உன் அண்ணனும். நாளைக்கு ஒரு கட்டில், நாளன்னைக்கு ஒரு கட்டில் என்று மாற்றி மாற்றிப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதை மூடிவிட்டு மகன் வீட்டுக்குப் போனால் எங்களுக்கு அங்கே ஹால் சோபாதான். பக்கத்தில் பிரிஜ். ராத்திரி முழுக்க அது உறுமும். மருமகள் நல்ல பெண், அதில் குறை இல்லை. "அத்தை, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்" என்பாள். நான் எத்தனை நாள் உட்கார்ந்துகொண்டே இருக்க முடியும் சொல்லு, திண்டு வைத்த கால்சட்டை போட்டிருந்தாலும்?

மேடு மேடு என்கிறாயே, எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. ஆறு மேட்டில் ஏறுமா? ஆற்றோடு போகிற பாதை மட்டும் எப்படி ஏறும்? கல்யாணம் ஆனதிலிருந்து உன் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டு இருக்கிறேன். ஒரு மேட்டைக்கூட நான் பார்த்ததில்லை. ஒருவேளை நான் வருகிற அன்றைக்கு மட்டும் நீ எடுத்து ஒளித்து வைத்துவிடுகிறாயோ என்னமோ.

உன் அண்ணனிடம் கடுதாசியைப் படித்துக் காட்டினேன். குமிழியைப் பார்த்தார். "என்னங்க சொல்றீங்க?" என்றேன். "இந்த டியூபு தேறாது" என்றார்.

நீ எழுதிக் கொடுத்ததை நீயே மாற்றிக் கொடு. ரெண்டு வரி. உனக்கு எழுத்து தண்ணீர் பட்ட பாடு. எனக்கு இந்த ஒரு கடுதாசி எழுதவே கை வலிக்கிறது.

அண்ணி


கீழ் வீடு, ஏப்ரல் 24
கொண்டுவருபவர்: ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர், மேலே ஏறிக் காட்டுவதாக மனைவியிடம் பந்தயம் கட்டியிருக்கிறார்

அண்ணிக்கு,

உங்கள் மீசைக்காரர் வந்தார். பாடிக்கொண்டு வரவில்லை.

மாற்றி எழுத மாட்டேன். பொய் எழுதச் சொல்கிறீர்கள். என் கையெழுத்தை நம்பி ஒருவர் வயதான தாயை அழைத்துக்கொண்டு அந்தப் பாதையில் வந்தால் நான் என்ன பதில் சொல்வது?

மேட்டை நீங்கள் ஏன் பார்த்ததில்லை என்று கேட்டீர்கள். நீங்கள் என் வீட்டுக்கு பஸ்ஸில் வருகிறீர்கள். பஸ் எதிர்க்கரையில் ஓடுகிறது. அதுவும் ஏறி உட்கார்ந்ததும் நீங்கள் தூங்கிவிடுவீர்கள், நடத்துநர்தான் எழுப்பி இறக்கிவிடுவார். உங்கள் கரையில் முதல் வளைவைத் தாண்டி நீங்கள் போனதே இல்லை. நீங்கள் எல்லோருக்கும் சொல்லி அனுப்புகிற பாதை எதிர்க்கரைப் பாதை, அண்ணி. அனுப்புவது மட்டும் இந்தக் கரையில்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று முறை யோசித்தேன். எழுதிவிடுகிறேன். உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. இந்த விஷயம் எனக்கும் அண்ணனுக்கும் தெரியும். வருகிறவர்களுக்குத் தெரியாது. கியர் எப்படி மாற்ற வேண்டும் என்றுகூட அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களாமே.

ஒரே ஒரு தடவை அந்தப் பாதையில் ஓட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். வந்து, மேடு இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த நிமிடமே மாற்றி எழுதுகிறேன்.

மே மாதம் பாதி வாக்கில் வழித்தட அதிகாரி தானே இரண்டு கரையிலும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யப் போகிறாராம். முன் சக்கரத்தில் தூரம் அளக்கும் கருவி கட்டியிருப்பார், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருப்பார். உங்கள் பக்கம் வந்தால் தயவுசெய்து அவரிடம் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லாதீர்கள்.

நீங்கள் வீட்டை மூட வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. மாடி அறையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் எழுதிக் கொடுத்த பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது.

நாத்தனார்


மேல் வீடு, மே 3
கொண்டுவருபவர்கள்: நான் விழுந்ததை வீடியோ எடுத்த மூன்று பேர்

நாத்தனாருக்கு,

இதைக் கொண்டுவருகிற மூன்று பேரும் உன்னிடம் ஒரு வீடியோ காட்டுவார்கள். அதில் வருவது நான்தான். முழுசாகப் பார்க்காதே, கடைசியில் கோழிக்கூண்டு வருகிறது.

ரயில் ஓட்டுநர் வந்து சேர்ந்தார். பந்தயத்தில் தோற்றுவிட்டார், கடைசி மேட்டில் ஒரு பால் வண்டியில் ஏறிக்கொண்டாராம். மனைவியிடம் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று வாங்கவில்லை.

உன் கடுதாசியைப் படித்துவிட்டு ரெண்டு நாள் நான் யாரிடமும் பேசவில்லை. விருந்தாளிகள் பயந்துபோய் அவர்களே பாத்திரம் கழுவி வைத்தார்கள். மூன்றாம் நாள் உன் அண்ணனிடம் போய், "எனக்கு சைக்கிள் கத்துக் குடுங்க" என்றேன். மனுஷன் கையிலிருந்த டியூபை அப்படியே தொட்டிக்குள் விட்டுவிட்டார். கேலி பண்ணுவார் என்று காத்திருந்தேன். உள்ளே போய் இருக்கிறதிலேயே தாழ்வான சைக்கிளை எடுத்து, சீட்டை இன்னும் இறக்கி, துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். அவ்வளவுதான். கேலி பண்ணியிருந்தால்கூடத் தேவலை.

சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறார். "விட்றாதீங்க, விட்றாதீங்க" என்று நான் கத்துகிறேன். "விடலை" என்கிறார். குரல் தூரத்திலிருந்து வருகிறது. விட்டு எவ்வளவு நேரம் ஆச்சோ பாவி.

இப்போது நேராகப் போக வருகிறது. திரும்பவும் வருகிறது, இடது பக்கம். நிற்கத்தான் வரவில்லை. நிற்கணும் என்றால் சுவரைப் பார்த்து விட்டுவிடுகிறேன். முட்டி ரெண்டும் கத்தரிக்காய் நிறம். அந்தத் திண்டு கால்சட்டை மட்டும் இல்லையென்றால் நான் இன்றைக்கு உட்கார்ந்து இதை எழுத முடியாது. அதைத் தைத்தவள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இதில் பெரிய வயிற்றெரிச்சல் எது தெரியுமா? விருந்தாளி ஒருத்தர் நேற்று நான் விழுகிறதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கிட்டே வந்து, ரொம்ப மரியாதையாக, "அம்மா, நீங்க எனக்குக் காலையில கியர் மாத்தச் சொல்லிக் குடுத்தீங்களே, அது சரிதானே?" என்று கேட்டார்.

நான் வருகிறேன். மேடு இல்லை என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வருகிறேன். பெரிய பாத்திரத்தில் சூப் வை.

அண்ணி


கீழ் வீடு, மே 8
கொண்டுவருபவர்: இல்லை

அண்ணிக்கு,

வீடியோவை முழுசாகப் பார்த்தேன். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லையே?

வர வேண்டாம். நான் கோபத்தில் எழுதியதை நீங்கள் இப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும். மூன்றாவது மேட்டு இறக்கத்தில் சரளைக்கல், நடுவில் ஒரு வளைவு, வலது பக்கம். உங்களுக்கு வலது பக்கம் திரும்பவும் வராது, நிற்கவும் வராது. அங்கே முட்டுவதற்குச் சுவரும் கிடையாது, ஆறுதான் இருக்கிறது.

அதிகாரியிடம் நானே பேசிப் பார்க்கிறேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பேசுகிறேன்.

மே 10. நேற்றும் இன்றும் பாலத்தருகே போய் நின்றேன். மேலே போகிறவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் கீழே வருகிறார்கள், வந்து என்னிடம், "மேல் வீட்டு அம்மா நல்லா ஓட்டுறாங்க" என்கிறார்கள். நிற்கக் கற்றுக்கொண்டார்களா என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

மே 12. பஸ் ஓட்டுநரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுக்கப் பார்த்தேன். கடிதம் வாங்கக் கூடாது என்று உத்தரவாம். நானே ஏறி வரலாம் என்றால் வீடு நிறைய ஆட்கள், சூப் வைக்க வேறு ஆள் இல்லை. அண்ணி, தயவுசெய்து வராதீர்கள். அண்ணனைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். யாரிடம் சொல்கிறேன், இந்தக் கடிதம் இன்னும் என் மேசை மேல்தான் கிடக்கிறது.


இரண்டாவது மேட்டின் உச்சி, மே 14
கொண்டுவருபவர்: கண்ணாடியைக் கயிற்றில் மாட்டினவர்

அன்புள்ள நாத்தனாருக்கு,

மேடு இருக்கிறது.

எழுதிவிட்டேன். இனிமேல் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய வேலை மிச்சம்.

காலையில் வெளிச்சம் வந்ததும் கிளம்பினேன். உன் அண்ணன் கூட வருகிறேன் என்றார். வேண்டாம், நீங்க வந்தா பின்னாலிருந்து தள்ளுவீங்க, அப்புறம் அது நான் ஓட்டினதா ஆகாது என்றேன். நான் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொண்டேன் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், சொல்லிவிடுகிறேன். வலது பக்கம் திரும்பவும் வருகிறது, மனசு இருந்தால்.

முதல் வளைவு வரைக்கும் மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆறு பக்கத்திலேயே வந்தது. பார்த்தியா பார்த்தியா என்று உன்னிடம் வழி நெடுக மனசுக்குள் பேசிக்கொண்டு வந்தேன். வளைவைத் திரும்பினேன். ஆறு அது பாட்டுக்கு இடது பக்கம் போய்விட்டது. எனக்கு முன்னால் பாதை சுவரில் சாத்தி வைத்த ஏணி மாதிரி நின்றது.

இத்தனை வருஷம் எத்தனை பேரை இதில் ஏற்றிவிட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்து, மூச்சு வாங்கினதால் விட்டுவிட்டேன். பாதி தூரம் தள்ளினேன், பாதி தூரம் சைக்கிள்மேல் சாய்ந்து நின்றேன். சிரிப்பு போனது. நீ எழுதினது சரி. அந்தப் பக்கம் இறங்கும்போது கொஞ்சம் திரும்பி வந்தது.

ரெண்டாவது மேட்டில் பாதியில் ஒரு கல்லைக் கண்டு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், முகம் தக்காளி. அவரும் உட்கார்ந்தார். ரொட்டியும் வேகவைத்த முட்டையும் எடுத்தேன், பாதி கொடுத்தேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் முட்டையை மட்டும் பார்த்தோம். பிறகு அவர், "மிதிக்கவே வேண்டாம்னு யாரோ சொல்லி விடுறாங்களாம். எங்க ஆபீசுக்கு வர்ற புகார்ல பாதி அதுதான்" என்றார்.

எனக்கு இருந்த கடுப்பில், "அந்தப் பொம்பளையைப் பிடிச்சு இந்த மேட்டுல ரெண்டு தடவை ஏத்தி இறக்கணும்" என்றேன். "ஆமாம்மா, ஆமாம்மா" என்றார். ரெண்டு பேரும் சேர்ந்து அவளை நன்றாகத் திட்டினோம். மனசுக்கு இதமாக இருந்தது. அதற்கப்புறம்தான் அவர் முன்சக்கரத்தில் கட்டியிருந்த கருவியைப் பார்த்தேன். கயிற்றில் தொங்கின கண்ணாடியையும் பார்த்தேன்.

என்ன பண்ணுவது? முட்டை வேறு கொடுத்தாயிற்று. "அது நான்தாங்க" என்றேன்.

அவர் மென்றதை விழுங்க ரொம்ப நேரம் ஆனது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அது வராது என்று உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் கொட்டினேன். பச்சை அறை, நாலு கட்டில், மகன் வீட்டு பிரிஜ். அவர் தலையை ஆட்டினார், ஆனால் முகம் இளகவில்லை. "உங்க நாத்தனார் எழுதினது சரிம்மா. இந்தப் பாதையில இப்படி ஆளுங்களை அனுப்ப முடியாது" என்றார். அப்போது எனக்கு ஆத்திரம் வந்தது பார். உன்மேல் இல்லை. உன் கடுதாசிக்காக நான் காத்துக்கிடந்ததெல்லாம் ஒன்றாக வந்தது.

"நாத்தனார், நாத்தனார்னு சொல்றீங்களே, அவளும் நானும் சண்டை போடக்கூட முடியலைங்க. நான் எழுதினா மறுநாள் போயிடுது. அவ பதில் வர பத்து நாள். நான் ஒரு கோபத்துல எழுதி, ஆறி, அடுத்த கோபம் வந்த பிறகுதான் முதல் கோபத்துக்கு பதில் வருது. எல்லாப் பயலும் கீழயே ஓடுறான். மேல வர்றதுக்கு ஒரு வழி போட்டா உங்க ஆபீசுக்கு என்ன குறைஞ்சு போயிடும்?" என்று கேட்டேன்.

மனுஷன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். "பஸ் ரோடு எப்படிம்மா?" என்றார்.

"தூங்கிக்கிட்டே போகலாம்" என்றேன்.

"பாத்துச் சொல்றீங்களா, தூங்கிச் சொல்றீங்களா?"

"தூங்கித்தான்" என்றேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை, சைக்கிள் மாதிரியே. "ஆனா நாத்தனார் பாத்து எழுதியிருக்காளே, சமமா இருக்குன்னு."

அவர் தாளை எடுத்துப் பென்சிலால் ஒரு படம் போட்டார். உன் வீட்டில் ஆரம்பம், ஏனென்றால் அங்கேதான் ரயில் வருகிறது. எதிர்க்கரை பஸ் ரோட்டில் மெதுவாக மேலே. தொங்கு பாலத்தைத் தாண்டி என் வீட்டில் ராத்திரி. மறுநாள் மூன்று மேட்டையும் ஏறி இறங்கித் திரும்ப உன் வீடு. ஒரு சுற்று. மேடு முடியாதவர்கள் வந்த வழியே திரும்பிக்கொள்ளலாம். "ரெண்டு கரையில எதுன்னுதான் எல்லாரும் சண்டை போட்டோம், ரெண்டும்னு யாருக்கும் தோணலை" என்றார். நான் என்னமோ அதைத்தான் சொல்ல வந்த மாதிரி தலையாட்டினேன்.

எதிர்க்கரையை நாளைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுவாராம். வாய்ச்சொல்தான், அச்சடித்துக் கையில் வருகிற வரைக்கும் நான் நம்பமாட்டேன். ஆனால் படத்தில் என் வீட்டுக்கு ஒரு வட்டம் போட்டிருக்கிறார், ரெண்டு தடவை அழுத்தி. ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார். என் வாசலில் பெரிய எழுத்தில் "மூன்று மேடுகள்" என்று பலகை வைக்கணும். அந்த ரெண்டு வார்த்தையை இனி என் வாயால் சொல்லக் கூடாது. பலகைக்குப் பச்சை பெயின்ட் மிச்சம் இருக்கிறது. வாய்க்குத்தான் என்ன பண்ணுவது என்று தெரியவில்லை.

சந்தோஷப்படாதே. நாள் முழுக்க மேலே மிதித்து வருகிறவர்கள் இனி என் வீட்டில்தான் வந்து விழுவார்கள். என் சூப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் தலைக்கவசத்தை வைப்பார்கள். "கீழ் வீட்டு அம்மா சமமா இருக்கும்னு சொன்னாங்களே" என்பார்கள். நீ செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்பேன். உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இந்த மேட்டில் உட்கார்ந்து கொஞ்சம் யோசித்தேன். நிறைய யோசிக்கவில்லை, முட்டி வலிக்கிறது.

உன் கடுதாசி ஏதாவது மேசைமேல் கிடந்தால் அப்படியே வை, வந்து படித்துக்கொள்கிறேன்.

மூன்றாவது மேடு இன்னும் பாக்கி இருக்கிறது. அதிகாரி முன்னால் போகிறார், அவர் அளந்துகொண்டு போகணும். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நான் பின்னால் மெதுவாக வருவேன். இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருவேன், பயப்படாதே.

இன்னொன்று. அந்தக் கல்லை விட்டு உச்சிக்குக் கிளம்பினபோது, அவர் பார்க்கிறாரே என்று கொஞ்சம் ஸ்டைலாக ஏறினேன். பாவாடை செயினில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தோம், வரவில்லை. அவர் பையிலிருந்து கத்தரிக்கோல் எடுத்து வெட்டிவிட்டு, மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டார். முன்பக்கம் என்னிடம் இருக்கிறது. பின்பக்கம் செயினில் இருக்கிறது. நான் திண்டு வைத்த கால்சட்டையில் இருக்கிறேன். இருட்டினதும் வருவேன், பின்வாசலைத் தாழ்ப்பாள் போடாமல் வை.

உன் அண்ணி